பாஸ்தாவுக்கு ஒரு பெட்டி தக்காளி

சூலூருக்குப் பாஸ்தா புதிது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். திண்டுக்கல்லிலிருந்து வரும் அணில் சேமியாவைப் பார்க்காத மளிகைக் கடை கொங்கு நாட்டில் உண்டா? கோதுமையை அரைத்துப் பிசைந்து, துளையிட்ட அச்சில் வைத்து அழுத்திப் பிழிந்து, உலர்த்தி, பாக்கெட்டில் அடைத்தால் சேமியா. இத்தாலிக்காரர்களின் ஸ்பாகெட்டியும் பென்னேயும் இதே வழியில்தான் பிறக்கின்றன. அச்சின் துளை மாறினால் குழாய், சுருள், சங்கு என்று வடிவம் மாறும். நாம் சேமியாவைப் பாயசத்துக்கும் உப்புமாவுக்கும் என்று ஒதுக்கிவிட்டோம். அவர்கள் அதையே சாப்பாடாக வைத்துக்கொண்டார்கள்.

புதிதாக வந்திருப்பது அதன் மேல் ஊற்றும் சாஸ். விமானப்படைத் தளத்தால் பல மாநிலக் குடும்பங்கள் வந்து வாழும் ஊர் சூலூர். திருச்சி சாலையில் சிங்காநல்லூர் தாண்டி இந்தப் பக்கம் வர வர, பப்ஸும் டீயும் மட்டும் விற்றுக்கொண்டிருந்த பேக்கரிகள்கூட இப்போது 'ரெட், ஒயிட், பிங்க்' என்று மூன்று நிறத்தில் பாஸ்தா விற்கின்றன. ஒயிட் என்பது வெண்ணெயில் மைதாவை வறுத்து, பால் ஊற்றிக் காய்ச்சியது. ரெட் என்பது தக்காளி என்று பெயர். இரண்டையும் கலந்தால் பிங்க். தக்காளி இருக்க வேண்டிய இடத்தில் பல கடைகளில் பாட்டில் கெச்சப்தான் இருக்கிறது. மேலே ஓரிகானோவும் சில்லி ஃப்ளேக்ஸும் தூவிவிட்டால் வேலை முடிந்தது. பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிடுகிறார்கள். சர்க்கரையும் மைதாவும் சேர்ந்தால் எந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லும்?

அதே பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மகளோ பேரனோ கேட்டால் ஒரு பாக்கெட் பாஸ்தா, அதற்குள்ளேயே ஒரு மசாலாப் பொட்டலம், கூடவே இரண்டு கரண்டி கெச்சப். தக்காளி விளையும் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு பாஸ்தாவுக்குக் கெச்சப் பிதுக்குவது அநியாயம் என்பது என் கட்சி. கிரீம் சேர்த்த தக்காளி சாஸுக்கு வேண்டிய அத்தனையும் நம்மைச் சுற்றி ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்குள் கிடைக்கிறது. வெளியிலிருந்து வர வேண்டியது அந்தப் பாஸ்தா பாக்கெட் ஒன்றுதான்.

தக்காளியில் இருக்கிறது சூட்சுமம்

கோவைக்குத் தெற்கே கிணத்துக்கடவு, மேற்கே தொண்டாமுத்தூர், தென்கிழக்கே உடுமலைப்பேட்டை. இந்த மூன்று பக்கமும் தக்காளிக்காடு. கிணத்துக்கடவுச் சந்தையில் தக்காளி பெட்டிக் கணக்கில் ஏலம் போகும். பெட்டிக்கு ஏறத்தாழ 15 கிலோ. பாதிக்கு மேல் கேரள வியாபாரிகள் அள்ளிக்கொண்டு போகும் நாட்களும் உண்டு.

கடைக்குப் போனால் இரண்டு குவியல் இருக்கும். ஒன்று நாட்டுத் தக்காளி: தட்டையாக, தோல் மெல்லியதாக, அறுத்தால் சாறு ஓடும், புளிப்பு தூக்கல். ரசத்துக்கு இதை விட்டால் வேறு இல்லை. இன்னொன்று ஆப்பிள் தக்காளி என்று நம் கடைக்காரர்கள் சொல்லும் ஹைபிரிட்: தோல் தடித்து, சதை கெட்டியாக, சாறு குறைந்து இருக்கும். லாரியில் தூரம் போக வேண்டும் என்பதற்காகவே வளர்த்தெடுக்கப்பட்ட ரகங்கள் இவை. ரசம் வைத்துப் பழகிய கைகள் ஹைபிரிட்டை ஏளனமாகப் பார்க்கும். ஆனால் சாஸுக்குச் சதைதான் முக்கியம். இத்தாலியில் வெசூவியஸ் எரிமலைக்குப் பக்கத்தில் விளையும் சான் மர்சானோ தக்காளிக்கு 1996இல் ஐரோப்பிய அளவில் ஊர்ப் பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது. அதுவும் நீளமாக, விதை குறைந்து, சதைப்பிடிப்பாக இருக்கும் ரகம்தான்.

எனவே முக்கால் பங்கு நன்றாகப் பழுத்த ஹைபிரிட், கால் பங்கு நாட்டுத் தக்காளி. முன்னது கெட்டியைத் தரும். பின்னது புளிப்பையும் மணத்தையும் தரும். வெறும் ஹைபிரிட்டில் செய்தால் சாஸ் சப்பென்று இருக்கும். வெறும் நாட்டுத் தக்காளியில் செய்தால் வற்ற வைத்து மாளாது. தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர். ஒரு கிலோ போட்டால் அரைக் கிலோவுக்கும் குறைவான சாஸ்தான் தேறும். இந்த வற்றலுக்குப் பொறுமை இல்லாதவர்கள்தான் கெச்சப் பாட்டிலைத் திறக்கிறார்கள்.

தோலை மட்டும் எடுத்துவிடுங்கள். அடியில் கத்தியால் கூட்டல் குறி கீறி, கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போட்டு, பச்சைத் தண்ணீருக்கு மாற்றினால் தோல் தானே கழன்று வரும். விதையைச் சுற்றி இருக்கும் வழவழப்பான சாற்றை யாரும் கொட்டிவிட வேண்டாம். தக்காளியின் நாவூறும் ருசிக்குக் காரணமான குளூட்டமேட் சதையைவிட அந்தச் சாற்றில்தான் அதிகம். விதை பல்லில் படக் கூடாது என்றால் வடிகட்டி, சாற்றை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

இத்தாலியும் தக்காளியும் பிறவி உறவுக்காரர்கள் என்று நினைக்கிறோம். உண்மையில் தக்காளி அமெரிக்கக் கண்டத்துப் பயிர். ஸ்பானியர்கள் வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா போனது. போர்த்துக்கீசியர்கள் வழியாக இந்தியா வந்தது. இத்தாலியில் தக்காளி சாஸ் முதன்முதலில் அச்சேறியது நேப்பிள்ஸில், 1690களில் அந்தோனியோ லத்தீனி எழுதிய சமையல் நூலில். அதையும் அவர் ஸ்பானிய முறை என்றே குறிப்பிட்டார். அந்தச் சாஸ் பாஸ்தாவோடு சேர இன்னும் நூறு ஆண்டு பிடித்தது. நம் பக்கமும் தக்காளி எளிதில் உள்ளே வந்துவிடவில்லை. திவசச் சமையலில் இன்றைக்கும் அதற்கு இடம் இல்லாத வீடுகள் நிறைய. அங்கேயும் இங்கேயும் வந்தேறிப் பயிர்தான். ஆகவே 'இது அவர்கள் சாப்பாடு' என்று ஒதுங்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

பால் திரியாமல் இருக்க

வீட்டில் இந்தச் சாஸ் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில். தக்காளி தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும், அதில் பாலை ஊற்றுவார்கள், பால் திரிந்துவிடும். சிவப்புக் குழம்பில் வெள்ளை வெள்ளையாகத் துகள் மிதக்கும். எலுமிச்சை பிழிந்து பனீர் எடுப்பவர்களுக்கு இதன் காரணம் தெரிந்ததுதான். பாலில் உள்ள கேசீன் என்ற புரதம், புளிப்பு ஓர் அளவைத் தாண்டினால் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். அந்த அளவு பி.எச். 4.6; இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். தக்காளி பெரும்பாலும் அதற்கும் கீழே, 4.2லிருந்து 4.5க்குள் இருக்கும். சூடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

பேக்கரிக்காரர் மைதா போடுவது இதற்காகத்தான். மாவுச்சத்து புரதத்தைச் சுற்றி நின்று திரள விடாமல் தடுக்கும். தந்திரம் பலிக்கும், ஆனால் தக்காளியின் ருசி மைதாவுக்கு அடியில் போய்விடும். சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டுப் புளிப்பை முறிப்பவர்களும் இருக்கிறார்கள். சிட்டிகை கொஞ்சம் பெரிதானால் சாஸ் சோப்பு வாடை அடிக்கும்.

சரியான வழி, பாலுக்குப் பதில் கொழுப்பு கூடிய கிரீம். அதில் கொழுப்பு அதிகம், புரதம் குறைவு. திரள்வதற்கு ஆளே இல்லை. கடையில் கிடைக்கும் அமுல் ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம். ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பாலிலேயே அது 6 சதவீதம்தான் என்பதை வைத்து வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளலாம். கறவை இருக்கிற வீடுகளில் கிரீம் வாங்கவே வேண்டாம். எருமைப் பாலைக் காய்ச்சி ஆறவைத்து, மேலே படியும் ஏட்டை இரண்டு மூன்று நாள் சேர்த்து, மிக்ஸியில் ஒரு சுற்று மட்டும் விட்டு எடுங்கள். இரண்டாவது சுற்று விட்டால் வெண்ணெய் திரண்டுவிடும், ஜாக்கிரதை.

எந்தக் கிரீமாக இருந்தாலும் அடுப்பை அணைத்த பிறகுதான். ஒரு கிண்ணத்தில் கிரீமை எடுத்து, சூடான சாஸை இரண்டு கரண்டி அதில் விட்டுக் கலக்கி, பிறகு அதைச் சட்டிக்கு மாற்ற வேண்டும். மறுபடி கொதிக்க விடக் கூடாது.

கிரீமே வேண்டாம் என்றால் தேங்காய்ப் பால் இருக்கிறது. பொள்ளாச்சித் தேங்காய்க்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதை மறக்கலாமா? முதல் பாலை இறக்கும்போது சேர்த்தால் கேசீன் தொல்லை இல்லை, பால் ஒத்துக்கொள்ளாதவர்களும் சாப்பிடலாம். ருசி இத்தாலியை விட்டு விலகி நம் தோட்டத்துக்கு வந்துவிடும். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

வெண்ணெய்க்கு ஊத்துக்குளி. கோவை–ஈரோடு ரயில் பாதையில் அந்த ஊர்ப் பெயரைப் பார்த்தாலே வெண்ணெய் நினைவுக்கு வரும். எருமைப் பால் வெண்ணெய், வெள்ளை வெளேரென்று, உப்பில்லாமல். மார்செல்லா ஹசான் என்ற இத்தாலியச் சமையல் எழுத்தாளரின் புகழ்பெற்ற தக்காளி சாஸில் மொத்தமே நான்கு பொருள்தான்: தக்காளி, வெண்ணெய், பாதியாக அறுத்த வெங்காயம், உப்பு. 45 நிமிடம் மெல்லிய தீயில் வேகவிட்டு, வெங்காயத்தை எடுத்துப் போட்டுவிடுவார். பூண்டு கிடையாது, மசாலா கிடையாது. அந்தச் சாஸுக்கு ஊத்துக்குளி வெண்ணெயைப் போல் பொருந்துவது எதுவும் இல்லை.

செய்யும் விதம்

நாலு பேருக்கு 300 கிராம் பென்னே, ஒரு கிலோ தக்காளி, பத்துப் பதினைந்து சின்ன வெங்காயம், ஐந்து பல் பூண்டு, 50 கிராம் வெண்ணெய், 100 மில்லி கிரீம், இரண்டு வரமிளகாய். ஹசான் வெங்காயத்தை எடுத்துப் போடட்டும். பல்லடம் பக்கம் விளையும் சின்ன வெங்காயத்தை எடுத்துப் போட நமக்கு மனசு வராது. பொடியாக நறுக்கி, வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கி, பூண்டும் கிள்ளிய மிளகாயும் சேர்த்து, தோலுரித்த தக்காளியைக் கையால் பிசைந்து விடுங்கள். அடிகனமான எவர்சில்வர் சட்டி நல்லது. இரும்பு வாணலியிலும் மெல்லிய அலுமினியத்திலும் தக்காளிப் புளிப்பு உலோக வாடையை இழுத்துக்கொண்டு வரும். மூடாமல், மெல்லிய தீயில் 40 நிமிடம். வெண்ணெய் ஓரத்தில் பிரிந்து, கரண்டியை இழுத்தால் சட்டியின் அடி ஒரு கணம் தெரிந்து மூட வேண்டும். புளிப்பு அதிகமென்றால் சர்க்கரைக்குப் பதில் ஒரு சிறு கேரட்டைத் துருவி ஆரம்பத்திலேயே போட்டுவிடலாம். வழவழப்பாக வேண்டுமென்றால் ஆறவிட்டு மிக்ஸியில் அடித்து, மறுபடி சூடாக்கிக்கொள்ளுங்கள்.

பாஸ்தாவுக்கு லிட்டருக்கு 10 கிராம் கணக்கில் உப்புப் போட்ட தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். போர் தண்ணீரில் வேகவைக்காதீர்கள். காரத்தன்மை கூடிய தண்ணீரில் பாஸ்தாவின் மேல்பரப்பு கரைந்து பிசுபிசுக்கும். குடிக்கிற நல்ல தண்ணியில் வையுங்கள். அது இல்லையென்றால் சில துளி எலுமிச்சை போதும். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னாலேயே எடுத்து, நேராகச் சாஸ் சட்டிக்கு மாற்ற வேண்டும்.

இங்கேதான் நம் வீடுகளில் ஒரு தவறு நடக்கிறது. நூடுல்ஸ் பழக்கத்தில் பாஸ்தாவை வடிகட்டி, குழாயடியில் பச்சைத் தண்ணீரில் அலசி, எண்ணெய் விட்டுப் புரட்டி வைப்பார்கள். அப்படிச் செய்தால் சாஸ் அதன் மேல் ஒட்டவே ஒட்டாது. வெந்த தண்ணீரில் மாவுச்சத்து இறங்கியிருக்கிறது. தறி ஓட்டும் சோமனூர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை: பாவு நூலுக்குச் சைசிங்கில் கஞ்சி என்ன வேலை செய்கிறதோ, அதே வேலையை அந்தத் தண்ணீர் இங்கே செய்கிறது. ஒரு டம்ளர் எடுத்து வைத்து, சாஸில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் புரட்டினால் வெண்ணெயும் தக்காளியும் பிரியாமல் பாஸ்தாவைப் பற்றிக்கொள்ளும். இரண்டு நிமிடம் அப்படியே புரட்டி, அடுப்பை அணைத்து, கிரீமைக் கலந்து, உடனே பரிமாற வேண்டும். ஆறினால் கெட்டியாகி நின்றுவிடும்.

மேலே தூவ பேசில் இலை தேடி கோவை சூப்பர் மார்க்கெட்டுக்கு வண்டியை எடுக்க வேண்டாம். வேலியோரம் முளைத்துக் கிடக்கும் திருநீற்றுப் பச்சிலை, அதாவது சப்ஜா விதை தரும் செடி, தாவரவியலில் இத்தாலிய பேசிலின் அதே இனம். நம்மூர்ச் செடிக்கு வாசம் சற்று முரட்டுத்தனமானது. நாலு இலை போதும், ஐந்தாவது போட்டால் கோயில் மாலை ஞாபகம் வந்துவிடும்.

இனி அந்தப் பாக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். டியூரம் கோதுமை ரவை என்று இருந்தால் எடுங்கள். மைதா என்று இருந்தால் வைத்துவிடுங்கள். டியூரம் கல் போன்ற கோதுமை. அரைத்தால் ரவையாகத்தான் உடையும். அதன் புரதம் வெந்த பிறகும் வடிவத்தைப் பிடித்து நிறுத்தும். மைதாப் பாஸ்தா இரண்டு நிமிடம் கூடுதலாக வெந்தால் களி. டியூரம் இந்தியாவில் பெரும்பாலும் மத்தியப் பிரதேசத்தில் விளைகிறது, நம் பக்கம் இல்லை. ஆனால் அதன் மூதாதை வகையான சம்பா கோதுமை நமக்குத் தெரிந்ததுதான். நீலகிரி வெலிங்டனில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல நிலையம் அதில் ரகங்களை உருவாக்கியிருக்கிறது. இத்தாலியில் அந்த இனத்திலும் பாஸ்தா செய்கிறார்கள்.

கை வேலையில் ஆசை உள்ளவர்கள் முட்டை இல்லாமலேயே செய்து பார்க்கலாம். தெற்கு இத்தாலி வழக்கம் அது: 200 கிராம் மெல்லிய ரவைக்கு 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், பத்து நிமிடப் பிசைதல், அரை மணி நேர ஓய்வு. கோவை டேபிள்டாப் கிரைண்டரோடு வரும் மாவு பிசையும் கருவி பல வீடுகளில் பெட்டியைவிட்டு வெளியே வந்ததே இல்லை. அதற்கும் ஒரு வேலை கிடைக்கும். பிசைந்ததைக் கயிறாகத் திரித்து, சுண்டு விரல் அளவு நறுக்கி, கட்டை விரலால் ஒரு இழுப்பு இழுத்தால் சங்கு வடிவம் வந்துவிடும். சந்தகை பிழிந்த வீட்டுக்கு இது பெரிய வேலையா? புழுங்கல் அரிசியை ஊறவைத்து அரைத்து, இட்லியாக வேகவைத்து, சூடு ஆறும் முன்னே சந்தகை மரத்தில் வைத்து இரண்டு ஆள் தொங்கி அழுத்திய காலம் அம்மிச்சிமாருக்கு நன்றாக நினைவிருக்கும். அரிசியில் இழுத்துப் பிடிக்கும் பசைப் புரதம் கிடையாது. அதனால் வேகவைத்த பிறகு பிழிகிறோம். கோதுமையில் அது உண்டு. அதனால் அவர்கள் பிழிந்த பிறகு வேகவைக்கிறார்கள். அம்மிச்சியிடம் ஒரு தட்டு பாஸ்தாவைக் கொடுத்தால் "ஏங்கண்ணு, இதென்ன சந்தகையக் குழாய் குழாயாப் புழிஞ்சு வெச்சிருக்கறே?" என்பார். சரியான விமர்சனம்.

விலை விழும்போது

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது அரசு பண்ணைப் பசுமைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. அதே தக்காளி வேறு மாதங்களில் ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் விழுந்து, பறிக்கிற கூலிகூட வராமல் விவசாயி சாலையோரம் கொட்டிவிட்டுப் போவதையும் நாம் பார்த்திருக்கிறோம். உடுமலையிலும் கிணத்துக்கடவிலும் இது சுழற்சியாக நடக்கிறது. தக்காளி வைத்திருக்க முடியாத பொருள், குளிர்பதனக் கிடங்கு போதாது, பதப்படுத்தும் ஆலைகள் குறைவு என்று காரணம் சொல்கிறார்கள். எல்லாம் உண்மை. வீடுகளும் அதைப் பதப்படுத்தி வைப்பதில்லை என்பதும் உண்மை.

இத்தாலியில் ஆகஸ்ட் மாதம், தக்காளி மலிந்து கிடக்கும்போது, குடும்பமாகக் கூடி ஆண்டு முழுவதுக்குமான தக்காளிக் கூழைப் பாட்டிலில் அடைத்து, பெரிய அண்டாவில் வைத்துக் கொதிக்கவிடுவார்கள். நாமும் வடகமும் வற்றலும் ஊறுகாயும் போடத் தெரிந்தவர்கள்தான். தக்காளித் தொக்கோடு நின்றுவிட்டோம். பாட்டில் முறைக்குப் புளிப்பளவும் கொதி நேரமும் துல்லியமாக இருக்க வேண்டும். அனுமானத்தில் செய்து, வெளியில் வைத்து உண்பது ஆபத்து. கற்றுக்கொள்ள விரும்புபவர்களுக்குக் கோவையிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்ப மையம் இருக்கிறது. வீட்டுக்கு எளிய வழி ஃப்ரீசர்தான். வெங்காயமும் வெண்ணெயும் சேர்த்து வற்றவைத்த சாஸை, கிரீம் மட்டும் சேர்க்காமல், நன்றாக ஆறவிட்டு, ஒரு வேளைக்கு ஒரு பை என்று தட்டையாகப் போட்டு வைத்தால் மூன்று மாதம் ருசி கெடாது. கிரீமைச் சாப்பிடும் நாளில் கலந்துகொள்ளலாம்.

அடுத்த முறை விலை விழுந்த செய்தியைப் படிக்கும்போது கிணத்துக்கடவுப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி ஒரு பெட்டி எடுத்துவரச் சொல்லுங்கள். பேரம் பேச வேண்டாம். 15 கிலோவில், நாலு பேர் உள்ள வீட்டுக்குப் பதினைந்து வேளைச் சாஸ் தேறும்.